சாமி எண்ணெய் பட்ட பிரேக் ஷூக்கள்

அந்தக் கொட்டகையில் எதையும் எறிவதில்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். எறிய வேண்டியதைக்கூட அங்கே எறிவதில்லை. எதை எறிய வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதைச் சொன்னதற்காகத்தான் வெளியே அனுப்பினார்கள்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில், ஒரு வளைவுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை அது. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் அது லொறி கராஜ். கொழும்புக்கு வெளியே ஒரு கம்பெனி சின்ன வேன்களைப் பொருத்தி விற்றுக்கொண்டிருந்தது. எஞ்சினும் சட்டமும் கப்பலில் துண்டுகளாக வரும். மற்றப் பாகங்களில் சிலவற்றைப் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிப் புதுப்பித்து மாட்டுவார்கள். அதனால் வேனின் விலை குறையும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களும், தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிறவர்களும் அதைத்தான் வாங்குவார்கள். எங்கள் கொட்டகைக்கு வந்த வேலை பிரேக் ஷூ.

பிரேக் ஷூ என்பது பிறை வடிவ இரும்பு. அதன் வெளி வளைவில் லைனர் என்னும் உராய்வுப் பட்டையை ஆணி அறைந்து பொருத்தியிருப்பார்கள். பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்குள் அந்தப் பட்டைதான் உரசி வண்டியை நிறுத்தும். தேய்வது பட்டை, இரும்பு அப்படியே இருக்கும். பழைய பட்டையைப் பெயர்த்து, இரும்பைக் காரச் சோடா நீரில் அவித்து, துரு சுரண்டி, வளைவு சரியா என்று அளவுக்கட்டையில் வைத்துப் பார்த்து, வெடிப்பு இருக்கிறதா என்று தட்டிக் கேட்டு, புதுப் பட்டை அறைந்தால் இன்னொரு வேனுக்கு ஆகும். ஒரே இரும்பு மூன்று நான்கு வண்டி பார்க்கும். நல்ல யோசனை. நான் அந்த யோசனைக்கு எதிரி இல்லை. இப்போது கொழும்பில் கூட்டங்களுக்குப் போகிறேன். திரையில் அம்புக்குறிகளை வட்டமாக வரைந்து காட்டுகிறார்கள். வண்டி, பழைய பாகம், புதுப்பித்த பாகம், மறுபடி வண்டி. வட்டம் அழகாகத்தான் இருக்கிறது. அந்த அம்புகளுக்கு நடுவே யாரோ ஒருவர் நின்று "இது ஆகாது" என்று சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யாரும் வரைவதில்லை. அந்த இடத்தில் நின்றவள் நான். அங்கே நிற்கிறவரை மற்ற எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா கொழுந்தெடுத்து என்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினாள். மோட்டார் பாடத்தில் பெண் நான் ஒருத்திதான். வேலை கிடைத்த அன்று, அங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டாள். சொன்னேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முற்றல் இலையைக் கிளறி எடுத்து வெளியே போடுகிற ஆளைப் பற்றித்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "அப்ப ஒன்ன யாருக்கும் புடிக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கொட்டகையில் எட்டுப் பேர். எல்லோருக்கும் மேலே மேஸ்திரி. எங்கள் பக்கம் மெக்கானிக் மேஸ்திரியைப் 'பாஸ்' என்று கூப்பிடுவோம். முதலாளி வேறு, பாஸ் வேறு. இந்தப் பாஸ் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பதினைந்து வயதில் லொறிக்கு அடியில் படுத்தவர், நாற்பத்தைந்து வயதிலும் அங்கேயே கிடந்தார். இரும்பைத் தட்டி அதன் சத்தத்திலேயே வெடிப்பைச் சொல்லிவிடுவார். அவருடைய கை நல்ல கை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அதை மாற்ற இருவருமே மெனக்கெடவில்லை.

முதல் மாதத்தில் எனக்குச் செய்தவற்றை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். என் முக்காலியை எடுத்துவிட்டார்கள். அளவுக்கட்டையைச் சோடாத் தொட்டிக்குள் போட்டார்கள். கையுறையோடு துழாவி எடுத்தேன். மலசலகூடம் ஒன்றுதான், அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன், போடவில்லை, பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தேன். என் பெயரை யாரும் சொல்வதில்லை. 'மிஸ்' என்றார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மிஸ் என்கிற மரியாதை அதில் இருக்கவில்லை.

பழைய ஷூக்களை நான் மூன்று குவியலாகப் பிரித்தேன். ஆகும், பார்க்கலாம், ஆகாது. மூன்றாவது குவியல்தான் முதலாளிக்கு வயிற்றெரிச்சல். நான் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் குவியலிலிருந்து சில ஷூக்கள் நடந்துபோய் இரண்டாவது குவியலில் ஏறிக்கொள்ளும். காலையில் வந்து எண்ணினால் தெரியும். அதனால், ஆகாது என்று போடும் ஒவ்வொன்றிலும் வெட்டுளியால் ஒரு வெட்டு வெட்டத் தொடங்கினேன். அப்புறம் அது எந்தக் குவியலிலும் ஏற முடியாது. பாஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இரும்பக் கொல்றாங்கடா மிஸ்" என்றார், எட்டுப் பேருக்கும் கேட்கும்படி. "தொட்டு நெத்தியில வச்சிக்கிற பொருளு. இவங்க வெட்டிப் போடுறாங்க."

அன்றிலிருந்து எனக்கு 'கொலைகார மிஸ்' என்று இன்னொரு பெயர். எனக்குக் கவலை இல்லை. குவியல்கள் நடப்பது நின்றது.

கம்பெனியிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். தேநீர் கொடுத்தால் வேண்டாம் என்பார். ஒவ்வொரு சோடி ஷூவோடும் ஓர் அட்டை கட்ட வேண்டும், அதில் பரிசோதித்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி அவருடையது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு என்று என்னைப் பார்த்து ஒருமுறை சொன்னார். திரும்பவும் சொல்லவில்லை.

என் தகுதிகாண் காலம் ஆறு மாதம். ஆறாவது மாதத்தில்தான் முதல் முழு லோட் போக வேண்டியிருந்தது. அது சரியாகப் போனால் கம்பெனி ஒப்பந்தம் எழுதும். பிழை வந்தால் வேலை கொழும்பில் இருக்கிற இன்னொரு கொட்டகைக்குப் போகும். எங்கள் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போவார்கள். முதலாளி இதை ஒவ்வொரு காலையிலும், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல் நின்று சொன்னார். எனக்குத் தனியாக இன்னொன்றும் சொன்னார். லோட் போகும் அன்றே என் நிரந்தர நியமனக் கடிதமும் வரும். எங்கள் லயத்தில் தோட்டத்துக்கு வெளியே மாதச் சம்பளத்துக்குக் கடிதம் வாங்கிய பெண் அதுவரை யாரும் இல்லை. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லோட் இரண்டு நாள் முன்னதாகவே தயாரானது. நானே ஒவ்வொன்றையும் பார்த்தேன். இரும்புக்குச் சிவப்பு மை பூசியிருந்தது, பட்டை காய்ந்த சாம்பல் நிறம். அட்டைகளில் எண் எழுதி வைத்தேன். லொறி ஏறும் அன்று காலை கடைசியாக ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வழக்கம். இடையில் ஆயுத பூசை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூசை செய்யாத கராஜ் கிடையாது. முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைப்பார்கள். ஸ்பேனர், சுத்தியல், கடைசல் இயந்திரம், வெல்டிங் பெட்டி, வாசலில் நிற்கும் லொறி. பிறகு ஒரு பழந்துணியில் நல்லெண்ணெய் நனைத்து எல்லாவற்றுக்கும் பூசுவார்கள். அன்றைக்கு எண்ணெய் படாமல் எந்த இரும்பும் இருக்கக் கூடாது. காய்ந்து கிடக்கிற ஆயுதம் அந்த வருடம் கையைக் கடிக்கும் என்பார்கள். அதற்கு மேல் சந்தனம், குங்குமம். மேசையில் சரஸ்வதி படம், பொரி, சுண்டல், வாழைப்பழம்.

பூசைக்கு முந்திய நாள் மத்தியானம் பாஸ் என்னிடம் வந்தார். பூசை ஆம்பளைகள் செய்வது வழக்கம், நான் அடுத்த நாள் எல்லாம் முடிந்த பிறகு வந்தால் போதும், சுண்டல் எடுத்து வைப்பார்கள் என்றார். படத்தில் இருந்தவரும் பெண்தான். அவரை யாரும் வெளியே நிற்கச் சொல்லவில்லை. நான் இதைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும். முடிந்த ஷூக்கள் இருந்த அலுமாரியின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஹாலிஎல பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

என் பிழைகளையும் எழுதி வைக்கிறவள் நான். முதல் பிழை, சாவி. இரண்டாவது, லோட்டைத் தொடாதீர்கள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டது. கிரீஸ் கூடாது, டீசல் கூடாது, எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது என்று எட்டுப் பேருக்கும் பலமுறை சொல்லியிருந்தேன். ஆயுத பூசையை நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் உருளைகளுக்கு எண்ணெய் பூசிப் பூ வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள், அதை நினைக்கவில்லை. கோபத்தில் இருந்தேன். கோபம் ஒரு காரணம் அல்ல.

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு உள்ளே போனேன். சாம்பிராணிப் புகை இன்னும் இருந்தது. மேசைக்கு முன்னால் நிலத்தில் வாழையிலை விரித்து, அதன்மேல் முழு லோட்டையும் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு சந்தனப் பொட்டு. காய்ந்த சாம்பல் நிறமாக இருந்த பட்டைகள் கறுப்பாக மினுங்கின. குனிந்து ஒன்றின்மேல் விரலை வைத்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன். எள் வாசம்.

ஒருவர் சுண்டல் தட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. யார் இதற்கு எண்ணெய் பூசியது என்று பாஸிடம் கேட்டேன்.

"இரும்புப் பக்கந்தான் பூசச் சொன்னேன்" என்றார். "துணி கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டுப் பட்டிருக்கும்."

"பட்டை முழுக்க ஊறியிருக்கு பாஸ்."

"அதுக்கு என்ன மிஸ் இப்ப? கிரீஸா அது? டீசலா? சாமி எண்ணெ." அவருக்கும் உள்ளூர விஷயம் தெரியும். குரல் கொஞ்சம் இறங்கியதிலிருந்து எனக்கு அது புரிந்தது. "முத லோட்டு. மத்ததுக்கெல்லாம் காட்டிட்டு, சோறு போடுறதச் சாமிக்குக் காட்டாம ஏத்தி விடச் சொல்றீங்களா?"

யாரோ பின்னால் நின்று, மிஸ் சாமியையும் ஆகாத குவியலில் போட்டுவிடுவார் என்றார். சிரித்தார்கள். நான் வாழையிலைகளைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். தப்பியது ஒன்றுகூட இல்லை. பக்தியாகச் செய்திருந்தார்கள்.

எண்ணெய் குடித்த பட்டை பிடிக்காது. சமதரையில் மெதுவாக ஓடினால் தெரியாது. இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறும்போதுதான் உள்ளே இருக்கிற எண்ணெய் மேலே வரும். அப்போது வழுக்கும். அந்த வேன்களில் பாதி திரும்ப எங்கள் ஊர்களுக்குத்தான் வரும். என் சின்னம்மா கொஸ்லந்தவில் இருந்தாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வேன் ஒவ்வொரு நாளும் இறங்கிய வீதி எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மண், மற்றப் பக்கம் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை நான் போனபோது பாஸ் எனக்கு முன்பே வந்திருந்தார். பழைய கராஜ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. எண்ணெய் பட்ட ஷூக்களைப் பாதி பீப்பாயில் போட்டு, பெற்றோல் ஊற்றிக் கொளுத்துவது. எண்ணெய் எரிந்துபோகும், பட்டை காய்ந்துவிடும். அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சந்தனம் கருகிய வாசம் வீதிவரை வந்தது. எடுத்து ஆறப் போட்ட ஷூக்கள் பார்வைக்கு உலர்ந்திருந்தன. விரல் வைத்தேன். ஒட்டவில்லை.

முதலாளியும் வந்துவிட்டார். லொறி மத்தியானம் வரும். எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொட்டகையின் மூலையில் மத்தியான ரொட்டி சுடுவதற்கு ஓர் அடுப்பும் இரும்புத் தட்டும் இருந்தன. நான் அடுப்பை மூட்டினேன். கொளுத்திக் காய்ந்த ஷூ ஒன்றை எடுத்து, பட்டை மேலே பார்க்கும்படி தட்டில் வைத்தேன். ஒரு தேநீர் குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். முதலில் ஆணித் துளைகளின் விளிம்பில் ஈரம் கண்டது. பிறகு பட்டையின் முகத்தில் ஊசிமுனை அளவில் துளிகள் கிளம்பின. அவை சேர்ந்து ஒரு கோடாக வழிந்து தட்டில் விழுந்து பொரிந்தன.

பாஸ் அதைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"ரொட்டித் தட்டு எண்ணெயா இருக்கும்" என்றார் முதலாளி.

இன்னொன்றை அவரையே எடுத்துத் தரச் சொன்னேன். தரவில்லை. பட்டைகளைப் பெயர்த்துப் புதிதாக அறையப் பத்து நாள் போதும், இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பெனிக்கு உண்மையைச் சொல்லித் தவணை கேட்போம் என்றேன். முதல் லோட்டுக்கே தவணை கேட்டால் ஒப்பந்தம் எழுதுவார்களா என்று கேட்டார். பட்டையெல்லாம் குப்பைக்குப் போவதா என்று கேட்டார். எட்டுப் பேரையும் கையால் காட்டினார். இவர்கள் வீட்டு அடுப்பில் நான் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலை இறக்கி, அட்டைக் கட்டை என் முன்னால் வைத்தார்.

"இங்க பாரு பிள்ள. நாலு பிரேக் அடிச்சா காஞ்சு போயிரும். ஒன் கடிதமும் டைப் அடிச்சு ரெடியா இருக்கு. போடு."

"ஏலாது முதலாளி."

"ஏலாதுன்னா?"

"இது ஆகாது. ஆகாததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் கத்தவில்லை. அட்டைகளை அப்படியே எடுத்துப் பாஸிடம் நீட்டினார். பாஸ் வாங்கவில்லை. முதலாளி அவருடைய பெயரைச் சொல்லி, எத்தனை வருடம் என் சோறு தின்றாய் என்று கேட்டார். பாஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, மேசையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதத் தொடங்கினார். எழுதிப் பழகாத கை. அத்தனை அட்டைக்கும் எழுத அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஒருமுறையும் நிமிரவில்லை. அவர்மேல் இரக்கப்பட வேண்டிய இடம் இது என்று இப்போது யாராவது சொல்லலாம். எனக்கு அன்று இரக்கம் வரவில்லை. இன்றும் வரவில்லை. அந்த ரொட்டித் தட்டை என் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

லொறி ஏறிப் போனது. நான் சாப்பாட்டு நேரத்தில் நகரத்துக்கு நடந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து கம்பெனி அதிகாரிக்குப் பேசினேன். என்ன நடந்தது, எப்போது, எதால், எப்படிச் சோதித்தேன், அட்டையில் யார் கையெழுத்து. ஐந்து விஷயம், ஐந்து வரி.

"பூசைக்கோ வைச்சவை?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சேர்."

"நீங்கள் சொல்லுறது விளங்குது பிள்ளை. ஆனா போனில சொன்னதை வைச்சு நான் ஒண்டும் செய்யேலாது. எழுதித் தருவியளோ? உங்கட பேர் வரும். அது அங்க தெரியவரும்."

எழுதித் தந்தேன். அந்தக் கடையிலேயே ஒரு தாள் வாங்கி எழுதி, கையெழுத்துப் போட்டு, பேக்ஸில் அனுப்பினேன். பிறகு கொட்டகைக்குத் திரும்பிப் போய் மீதி நாளும் வேலை செய்தேன்.

மூன்றாம் நாள் அதே லொறி அதே லோட்டோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். லோட் நிராகரிக்கப்படுகிறது, இரண்டு கிழமைக்குள், அதாவது பதினான்கு நாளில், திருத்தி அனுப்பினால் பரிசீலிப்போம், எல்லா அட்டையிலும் பயிற்சி பெற்ற பரிசோதகரின் கையெழுத்து மட்டுமே இருக்க வேண்டும். அதாவது என்னுடையது. முதலாளி அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். அந்த இரண்டு கிழமை மட்டும் அவரால் என்னை அனுப்ப முடியாது என்பது அவருக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. அவர் என் மேசைக்கு வந்து, காட்டிக் கொடுக்கிறவளுக்கு என் கொட்டகையில் இடமில்லை, லோட் போனதும் நீயும் போகலாம் என்றார். சரி என்றேன்.

அந்த இரண்டு கிழமையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டைகளைப் பெயர்த்தோம். நானும் உளியைப் பிடித்தேன், ஆள் குறைவாக இருந்ததால். என் பக்கத்துப் பலகையில் யாரும் உட்காரவில்லை. என் தேநீர்க் கோப்பையைத் தனியாக வைத்தார்கள். யாராவது வீதிப்பக்கம் எழுந்துபோனால், "டெலிபோனுக்கா?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் தரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாஸ் ஆணிப் பெட்டியை என் பக்கம் தள்ளுவார், முகம் பார்க்க மாட்டார். நாலாம் நாள் ஒரே ஒருமுறை பேசினார்.

"என் பேரப் போட்டு எழுதினீங்களா?"

"ஆமாம் பாஸ். நீங்க போட்ட கையெழுத்து."

"நான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்னு நெனச்சிருப்பான் அந்தாளு" என்றார். அதில் சிரிப்பு இல்லை. எழுந்துபோய் வேறு பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

வேலை சரியாகத்தான் நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். வெறுப்போடு வேலை செய்கிறவர்கள் நன்றாகவே வேலை செய்வார்கள். பிழை பிடிக்க எனக்கு ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது என்று அறைந்தார்கள். இரும்பு ஒன்றுகூடக் கெடவில்லை. பெயர்த்த பட்டைகள் பதினொரு சாக்கு வந்தன. அவற்றை வைத்து வேறு ஏதாவது செய்யலாமா என்று முதலாளி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் ரொட்டித் தட்டைக் கழுவிக் காயவைத்து, ஐந்தாறு ஷூக்களை நானே பொறுக்கிச் சுட வைத்துப் பார்த்தேன். உலர்ந்தே இருந்தன. எல்லா அட்டையிலும் கையெழுத்துப் போட்டேன். லொறி போனது. அந்த லோட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, ஒப்பந்தமும் எழுதியது, எட்டுப் பேரும் அங்கேயே இருந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்று பின்னேரம் முதலாளி ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். நிரந்தரக் கடிதம் இல்லை. நான் சொந்த விருப்பத்தில், குடும்பக் காரணத்துக்காக விலகுகிறேன் என்று எழுதியிருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டால், ஆறு மாதம் திருப்தியாக வேலை செய்தாள் என்று இன்னொரு கடிதம் தருவார். அது இருந்தால் எங்கேயும் வேலை கேட்கலாம்.

நான் இரண்டையும் வாசித்தேன். எனக்குக் குடும்பக் காரணம் எதுவும் இல்லை என்றேன். உண்மையான காரணத்தை எழுதினால் போடுகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இதுக்குமா?" என்று கேட்டார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எட்டுப் பேரில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. பாஸ் இரும்பு தட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அந்தக் கடிதம் இல்லாததால் அடுத்த வேலை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதிக் காலம் கைக்காசுக்காக அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்தேன். நான் கெட்டிக்காரி இல்லை. கூடையில் முற்றிய பெரிய இலையாக விழும்.

வேலை போன அன்று நடந்ததை லயத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்கிற பழக்கத்தில் அதையும் சொன்னேன். அவள் கழுவுவதை நிறுத்தினாள்.

"எங்களுக்குப் பேரு எழுதத் தெரியாதுன்னுதான்டி எவன் எத நீட்டுனாலும் கைநாட்டு வச்சோம்" என்றாள். "ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் போடமாட்டேங்குற. அப்புறம் எதுக்கு ஒன்னய படிக்க வச்சேன்?"

தண்ணீர் விழும் பீலியடிக்குப் போய் அவள் பக்கத்தில் குந்தி, கூடையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். அவள் அதை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.